நாலாம் பாடவேளையில் கரண்ட் போனால்: இதயப் பாடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஒரு கலவன் பாடசாலை. தரம் 11, விஞ்ஞானம், 36 பிள்ளைகள். நாலாம் பாடவேளை, 9.50 முதல் 10.30 வரை. பாடம், மனித இதயத்தின் அமைப்பும் குருதி ஓடும் பாதையும். ஆசிரியையின் மடிக்கணினியில் 22 சிலைட்டுகள். அவற்றில் ஒன்று இதயம் சுருங்கி விரிவதைக் காட்டும் 90 செக்கன் அசைபடம். யன்னல் எல்லாம் சாத்தி, திரைச்சீலை இழுத்து விட்டாயிற்று. 9.59க்கு, ஆறாவது சிலைட்டில், மின்சாரம் நின்றது.

இது ஒரு தனிப் பாடசாலையின் அறிக்கை அன்று. குடாநாட்டு வகுப்பறைகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே பாடவேளைக்குள் கோத்து, நிமிடக் கணக்குப் பார்க்க வசதியாக அமைத்த மாதிரி நிகழ்வு. ஆசிரியர் எவரும் இதில் தம்மைக் கண்டுகொள்வார்.

மின்சாரம் நின்ற பிறகு 31 நிமிடங்கள் மீதி இருந்தன. அவை போன வழி இது. முதல் நான்கு நிமிடங்கள், "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள், இப்ப வந்திடும்" என்று காத்திருந்ததில் போயின. அடுத்த நான்கு, எங்கள் கட்டிடத்தில் மட்டும் சுவிட்ச் விழுந்ததா, ஊர் முழுக்கவா என்று பார்க்க வகுப்புத் தலைவனை அலுவலகத்துக்கு அனுப்பியதில். பிறகு ஐந்து நிமிடம் மடிக்கணினியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்துப் பாடம் நடந்தது. முன் இரண்டு வாங்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் எழும்பி நின்றார்கள், பிறகு கதைக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆறு நிமிடம் ஆசிரியை பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்று கரும்பலகையில் இதயம் கீறினார். அடுத்த எட்டு நிமிடம் பிள்ளைகள் அதைக் கொப்பியில் கீறினார்கள். 10.26க்கு, "மிஸ், லைற் வந்திட்டுது!" புரொஜெக்டரைப் போட்டு, படம் தெளிந்து, விட்ட இடத்தைத் தேடி எடுக்கையில் மணி அடித்தது.

ஆசிரியைக்கு இதயப் பாடம் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். சிக்கல் வேறு. அவர் விளக்கத்தின் ஒழுங்கு முழுவதும் சிலைட்டுக்குள் இருந்தது. எது முதலில், எது பிறகு, எங்கே கேள்வி என்பதெல்லாம் கணினி மூடியபோது கூடவே மூடிவிட்டன. தலையில் இருந்தது பாடப்பொருள் மட்டும்.

வழமையாகச் சொல்லப்படும் தீர்வு, "மாற்றுப் பாடம் ஒன்று ஆயத்தமாக வைத்திருங்கள்" என்பது. அது போதாது என்பதே இந்த ஆய்வின் முடிவு. மாற்றுப் பாடம் என்றால் பெரும்பாலும் கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளைகளை இருத்தி வைப்பதாகவே முடிகிறது. அன்றைய பாடம் பிந்துகிறது, அடுத்த கிழமை அவசரப்பட வேண்டிவருகிறது. ஆயத்தம் செய்ய வேண்டியது வேறொரு பாடத்துக்கு அன்று. அந்தப் பாடத்தில் திரை என்ன வேலை செய்தது என்று பிரித்தெடுத்து, அந்த வேலைக்கு மட்டும் மாற்று வைக்க வேண்டும்.

22 சிலைட்டைப் பிரித்துப் பார்த்தால்

ஒன்பது சிலைட்டுகள் வெறும் எழுத்து: வரைவிலக்கணம், பெயர்கள், தொழில்கள். இவை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலில் ஏற்கெனவே உள்ளன; பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இலவசமாகக் கிடைத்த புத்தகம் இருக்கிறது. தேவை பக்க எண் மட்டும். ஆறு சிலைட்டுகள் பெயரிட்ட படம். முதல் நாளே டிமைத் தாளில் பெரிதாக ஒரு படம் கீறி வைத்தால் ஆறுக்கும் அது போதும். நான்கு சிலைட்டுகள் கேள்வி. அவை ஒரு தாளில் நான்கு வரி. இரண்டு தலைப்பும் முடிவும், அவை இல்லாவிட்டாலும் நட்டமில்லை. மீதி ஒன்று, அசைபடம்.

ஆக, 22இல் ஒன்று மட்டுமே திரை இல்லாமல் செய்யக் கடினமானது. அந்த ஒன்று காட்ட வேண்டியவை இரண்டு: குருதி எந்தத் திசையில் போகிறது, வால்வு ஏன் அதைத் திரும்பி வரவிடாது. ஆயத்த நேரத்தை இந்த இரண்டில்தான் செலவிட வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் நேர்மாறாக, ஒன்பது எழுத்துச் சிலைட்டையும் பிரின்ற் எடுத்து வைத்துவிட்டு ஆயத்தம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

தரையில் ஒரு இதயம்

விறாந்தையின் சீமெந்துத் தரையில், அல்லது வேப்பமர நிழலில் மணலில், ஏறத்தாழ 4 மீற்றர் நீளம் 3 மீற்றர் அகலத்தில் நான்கு அறைகள் கீறுங்கள்: மேலே சோணையறை இரண்டு, கீழே இதயவறை இரண்டு. சீமெந்தில் வெண்கட்டி, மணலில் ஒரு பூவரசந்தடி. கீற முன்பே பக்கங்களில் "வலது", "இடது" என்று பெரிதாக எழுதிவிட வேண்டும். படத்தில் இதயத்தின் வலப்பக்கம் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் வரும். இந்த ஒரு இடத்தில்தான் அதிகமான பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "இதயத்துக்குச் சொந்தக்காரர் உங்களுக்கு முன்னால் மல்லாந்து படுத்திருக்கிறார்" என்று சொன்னால் விளங்கிவிடும். இடது இதயவறைச் சுவரை இரட்டைக் கோடாகக் கீறுங்கள். ஏன் தடிப்பு என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

36 பேரையும் இப்படிப் பிரிக்கலாம். வலது சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள முக்கூர் வால்வுக்கு 3 பேர், இடப்பக்கம் அதே இடத்திலுள்ள இருகூர் வால்வுக்கு 2 பேர், இதயவறைகளிலிருந்து குருதி வெளியேறும் வாயில்களிலுள்ள இரண்டு அரைமதி வால்வுகளுக்கும் தலா 3 பேர்: வால்வுக்கு மொத்தம் 11. எத்தனை கூர் என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது. சுவாசப்பைக்கு 2 கதிரை, 2 பேர். உடலுக்கு 2 பேர். குருதியாக 12 பேர், வலப்பக்கம் 6, இடப்பக்கம் 6. மீதி 9 பேர் வெளியே நின்று பாதையை வரிசையாக எழுதுவார்கள். அடுத்த சுற்றில் இவர்கள் குருதியாவார்கள்.

குருதியாக நிற்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மட்டை, ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. சுவாசப்பைக் கதிரையைத் தாண்டும்போது சிவப்புக்குத் திருப்ப வேண்டும். உடலைத் தாண்டும்போது நீலத்துக்கு. ஒட்சியிறக்கப்பட்ட, அதாவது ஒட்சிசன் குறைந்த, குருதி உண்மையில் நீலம் அல்ல, கடுஞ்சிவப்பு. நீலம் படத்துக்கான வழக்கம் என்பதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பரீட்சை வரைக்கும் அந்தப் பிழை கூடவே போகும்.

இனித் தாளம். ஓய்வில் இருப்பவரின் இதயம் ஒருமுறை துடிக்க ஏறத்தாழ 0.8 செக்கன். அதில் சோணையறைச் சுருக்கம் 0.1, இதயவறைச் சுருக்கம் 0.3, தளர்வு 0.4. இதை எட்டு எண்ணிக்கையாக எண்ணலாம். எண்ணிக்கைக்கு ஒரு செக்கன் விட்டால் இதயம் பத்து மடங்கு மெதுவாக ஓடும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் பழகிய பிள்ளை ஒருவரிடம் எண்ணும் பொறுப்பைக் கொடுங்கள், எண்ணிக்கை குழம்பாது.

ஒன்று: சோணையறையில் மிச்சமாக நிற்பவர்கள் இதயவறைக்குள் இறங்குகிறார்கள். இரண்டு: முக்கூர், இருகூர் வால்வுப் பிள்ளைகள் கை கோத்து மூடுகிறார்கள், வகுப்பு "லப்" என்கிறது. இரண்டு முதல் நான்கு வரை இதயவறைகள் இரண்டும் சேர்ந்து சுருங்குகின்றன. வலப்பக்கத்தார் சுவாசப்பைக்கும் இடப்பக்கத்தார் பெருநாடி வழியாக உடலுக்கும் போகிறார்கள். ஐந்து: அரைமதி வால்வு மூடுகிறது, "டப்". ஐந்து முதல் எட்டு வரை தளர்வு. முக்கூர், இருகூர் வால்வுகள் திறந்திருக்க, புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானோர் தாமாகவே கீழே இறங்குகிறார்கள். இதயவறை நிரம்புவதில் பெரும்பங்கு இந்தத் தளர்வு நேரத்திலேயே நடக்கிறது, சோணையறைச் சுருக்கம் கடைசித் தள்ளு மட்டுமே. அசைபடத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்த விசயம் தரையில் நடக்கும்போது தப்பாது.

பிழைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பிள்ளைகள் வலப்பக்கம் முடிந்த பிறகே இடப்பக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் அசைய வேண்டும் என்று தொடங்க முன்பே சொல்ல வேண்டும். இரண்டாவது, சுவாசப்பையில் நெரிசல். வரும் வழியையும் போகும் வழியையும் தனித்தனிக் கோடாகக் கீறாவிட்டால், இதயத்திலிருந்து கொண்டுபோகும் நாடியும் இதயத்துக்குக் கொண்டுவரும் நாளமும் கலந்துபோகும். மூன்றாவது, சத்தம். பக்கத்து வகுப்பில் தவணைச் சோதனை நடந்தால் "லப், டப்" என்பதைக் கைவிரலால் மேசையில் தட்டச் செய்யலாம்.

இரண்டு சுற்றுக்கு ஏழு நிமிடம். பிறகு நாடித்துடிப்பு: மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குவது. பெருவிரல் வைக்கக் கூடாது, அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு. மாரிகாலத்தில் வெளியே போக முடியாது. வாங்குகளைச் சுவரோடு தள்ளி, அறைக்குள் 2 மீற்றர் இதயம் கீறி, குருதியை 6 பேராகக் குறைத்தால் போதும்.

இரண்டு நிமிட விதி

தரை இதயம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்கு மாறுவதற்கு 12 நிமிடம் யோசித்தால் பயனில்லை. காத்திருப்புக்கு எல்லை வேண்டும்: இரண்டு நிமிடம். முதல் நிமிடத்தில் யன்னலைத் திறந்து சீலையை விலக்கி, புரொஜெக்டரினதும் மடிக்கணினியினதும் பிளக்கைக் கழற்றுங்கள். மின்விசிறி நின்ற அறை சாத்தியபடி இருந்தால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் வியர்த்துச் சோர்ந்துவிடுவார்கள். பிளக்கைக் கழற்றுவது, மின்சாரம் திரும்பும்போது வரும் அழுத்த ஏற்ற இறக்கத்துக்காக. இரண்டாவது நிமிடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: "இதுவரை பார்த்ததில் மூன்று விசயம் கொப்பியில் எழுதுங்கோ." அவர்கள் எழுதும்போது, திரை இல்லாமல் பாடத்தை நடத்தும் ஒழுங்கை எழுதிவைத்த மாற்றுத் தாளை எடுக்கலாம். இரண்டு நிமிடம் முடிந்தால் மாறிவிட வேண்டும்; பிறகு மின்சாரம் வந்தாலும் அன்றைக்குத் திரும்பக் கூடாது.

இது கடுமையாகத் தோன்றலாம். காரணம் புரொஜெக்டரிலேயே இருக்கிறது. பழைய வகைக் குமிழ் உள்ள புரொஜெக்டர் மின்சாரம் திடீரென நின்றால் உள்விசிறியும் நின்றுவிடும், சூடு வெளியேறாது. குமிழ் ஆறும்வரை சில நிமிடங்களுக்கு மறுபடி பற்றாது; அடிக்கடி இப்படி நடந்தால் குமிழின் ஆயுள் குறையும். எல்.ஈ.டி., லேசர் வகைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் கணினி, படம், விட்ட இடம், பிள்ளைகளின் கவனம் என்று எல்லாவற்றையும் மீட்டெடுக்கப் போகும் நேரம் எப்படியும் போகும்.

யூ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். பாடசாலைகளில் வழமையாக உள்ள 650 வீ.ஏ. யூ.பி.எஸ்.க்குள் இருப்பது 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி. கணக்குப்படி 84 வாற்-மணி. ஏறத்தாழ 300 வாற் இழுக்கும் புரொஜெக்டரையும் கணினியையும் அதில் மாட்டினால், பெரிய சுமையில் பற்றரி முழுக் கொள்ளளவைத் தராது என்பதால், புதுப் பற்றரியே பத்து நிமிடம் தாங்குவது கடினம். இரண்டு மூன்று வருடம் எங்கள் வெக்கையில் கிடந்த பற்றரி அதற்கும் முன்பே கீச்சிட்டு நிற்கும். யூ.பி.எஸ். கணினியை ஒழுங்காக மூட உதவும் கருவி. பாடத்தை முடிக்க அதை நம்ப வேண்டாம்.

மின்சாரம் இருந்தும் திரை வராத நாள்

2022இல் நாடு முழுக்க நாளாந்த மின்வெட்டு இருந்தது. மார்ச் 31ஆம் திகதி அது 13 மணித்தியாலமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காலம் முடிந்ததும் பலர் மாற்று ஆயத்தத்தை மறந்துவிட்டார்கள். மின்வெட்டு இல்லாத நாளிலும் திரை வராமல் போகும் என்பதுதான் உண்மை.

எங்களுக்கே உரிய ஒரு காரணம் பாமினி. வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பவர்பொயின்ற் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து, பாமினி இல்லாத பாடசாலைக் கணினியில் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறி வரும். பாமினி தமிழ் எழுத்தை ஆங்கில விசையின் இடத்தில் வைத்திருக்கும் பழைய முறை என்பதால் இப்படி ஆகிறது. யுனிகோட்டில் தட்டச்சிடுவது நிரந்தரத் தீர்வு. பழைய கோப்புகளுக்கு, அதே கணினியில் பீ.டீ.எஃப். ஆகவும் சேமித்து இரண்டையும் கொண்டுவருவது போதும். பீ.டீ.எஃப்.இல் அசைபடம் ஓடாது, ஆனால் எழுத்து சிதறாது.

இன்னொன்று, காணொளியைச் சிலைட்டுக்குள் இணைக்காமல் இணைப்பு மட்டும் கொடுத்திருப்பது. காணொளிக் கோப்பு வீட்டுக் கணினியிலேயே இருந்துவிடும். இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்து, பென்டிரைவிலிருந்தே ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். யூரியூப்பை நேரே ஓட்டுவதை நம்ப வேண்டாம். முதல் நாளே பார்த்து, மாற்றையும் வைத்திருங்கள்.

வலிகாமத்தின் செம்மண் தூசும் வெண்கட்டித் தூளும் சேர்ந்து புரொஜெக்டரின் காற்று வடியை அடைத்துவிடும். சூடு ஏறியதும் கருவி தானே நின்றுவிடும். மாதம் ஒருமுறை வடியைக் கழற்றித் தூசு தட்டினால் தவிர்க்கலாம். தீவகத்தில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது; மாற்று வயர் ஒன்று மூடிய பெட்டியில் இருக்க வேண்டும்.

ஸ்மார்ட் போர்ட் வாங்கும் பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை. அதைக் கரும்பலகையின் நடுவில் பொருத்தாதீர்கள். நின்றுபோன ஸ்மார்ட் போர்ட் ஒன்று கரும்பலகையையும் மறைத்துக்கொண்டு நிற்கும் வகுப்பில் ஆசிரியருக்கு எழுத இடமே இல்லை. ஒரு பக்கத்தில் குறைந்தது நான்கு அடி கரும்பலகை தொடர்ந்து திறந்திருக்கட்டும்.

மாற்றுத் தாளும் ரின்னும்

மாற்றுத் தாள் ஒரு ஏ4 பக்கத்தைத் தாண்டக் கூடாது, கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. மேலே பாடத்தின் தேர்ச்சி, ஒரு வரி. அதன் கீழ், திரை செய்யும் வேலை எது, அதற்கு மாற்று எது. பிறகு பாடநூல் பக்க எண்கள், கரும்பலகையில் கீற வேண்டிய படத்தின் சின்னக் கோட்டுரு, கேள்விகள் நான்கு, விடைகள். மிக முக்கியமாக மூன்று நுழைவாயில்: 5ஆம் நிமிடத்தில் நின்றால் எங்கிருந்து, 15ஆம் நிமிடத்தில் நின்றால் எங்கிருந்து, 30இல் நின்றால் எங்கிருந்து. 30இல் நின்றால் தரை இதயம் வேண்டாம். எட்டு எண்ணிக்கையை இருந்தபடியே கைதட்டி, நாடித்துடிப்போடு முடிக்கலாம். இந்த மூன்று வரி இல்லாத தாள்தான் அலுமாரியில் தூங்கும் தாள்.

பொருள்களுக்கு மூடியுள்ள பெரிய பிஸ்கட் ரின் ஒன்று போதும். வெள்ளை வெண்கட்டி 12, சிவப்பு நீலம் தலா 4, டஸ்ரர், டிமைத் தாள் 4 சுருட்டி இறப்பர் வளையம் போட்டது, தடித்த மார்க்கர் 3, கயிறு 5 மீற்றர், உடுப்புக் கொழுவும் கிளிப் 10, இருநிற மட்டை 12, ஓர் எளிய கைக்கடிகாரம், ரோர்ச். ரோர்ச்சின் பற்றரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளே கிடந்தால் கசிந்து அரிக்கும். கயிறும் கிளிப்பும் டிமைப் படத்தை யன்னலோடு கட்டித் தொங்கவிட. மாரியில் வெண்கட்டி ஈரம் பிடித்தால் எழுதாது, தாள் சுருளும், தரையோடு வைத்த மட்டைப் பெட்டிக்குள் கறையான் ஏறும். ஆகவே தகர ரின், அதுவும் மேசைக்கு மேல்.

பிள்ளைகளுக்கான பயிற்சித் தாளை இருவருக்கு ஒன்றாக, 18 பிரதி, தவணைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். ரோனியோ மெசினும் சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. நின்ற பிறகு பிரதி எடுப்பதாகத் திட்டமிட்டால் அது மாற்றுத் திட்டமே அல்ல. "பின்னேரம் வாட்ஸ்அப்பில் போடுறன்" என்பதும் அப்படித்தான். வீட்டில் போன் இல்லாத பிள்ளை, அண்ணாவின் போனுக்குக் காத்திருக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு.

பராமரிப்புக்காக மின் தடைப்படும் இடங்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் முதல் நாளே வருகின்றன. ஆசிரியர் அறைப் பலகையில் அதை ஒட்டும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்தால் பாதித் திடீர், திடீராக இராது.

எல்லாப் பாடத்துக்கும் இப்படித் தாள் எழுத முடியாது. வாரத்தின் 40 பாடவேளைகளில் பெரும்பகுதி வகுப்பில் நிற்கும் ஒருவரிடம் அதைக் கேட்பது நியாயமும் அல்ல. தவணைக்கு ஆறு பாடங்கள்: திரை இல்லாவிட்டால் விழுந்துபோகும் பாடங்களாகப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். ஒரே தரத்துக்குக் கற்பிக்கும் மூவர் தலா இரண்டு எழுதிப் பகிர்ந்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னேர வேலை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலில் விரிதாளைச் சதுரக் கொப்பியில் நிரை நிரல் பெயரிட்டு நடத்தலாம், பாய்ச்சற் கோட்டுப்படத்துக்குக் கரும்பலகையே சிறந்தது. ஆனால் கணினியைத் தொட்டுப் பழக வேண்டிய திறனுக்குத் தாளில் மாற்று இல்லை, அந்தப் பாடவேளையை இன்னொன்றோடு மாற்றிக்கொள்வதே சரி. ஆங்கிலக் கேட்டல் பாடத்துக்கு உரையின் எழுத்துவடிவம் கையில் இருந்தால் ஆசிரியரே இருமுறை வாசிக்கலாம்.

தாளை எழுதியவர் தவணைக்கு ஒருமுறை, மின்சாரம் இருக்கும் நாளிலேயே, பாட நடுவில் புரொஜெக்டரை முறைப்படி நிறுத்தி மாறிப் பார்க்க வேண்டும். மட்டை 12 இல்லை, 9தான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

இதயப் பாடத்தின் அசைபடம் வீணாகவில்லை. அடுத்த நாள் முதல் இரண்டு நிமிடம் அதைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். தரையில் முக்கூர் வால்வாக நின்ற மூவரும் எழும்பி, வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் "லப்" சொல்லட்டும். குருதியாக ஓடியவர்கள் எந்த அறையில் நிற்கிறோம் என்று கூப்பிட்டுச் சொல்லட்டும். எவர் பிந்திச் சொல்கிறாரோ அவரிடமிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்கலாம்.